அந்நியர் வேலைக்கு ஒரு முகம்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை என்று சொன்னால், பேராசிரியரா என்று கேட்பார்கள். இல்லை, அந்நியர் என்பேன். அப்படியெல்லாம் ஒரு வேலை உண்டா என்று அடுத்த கேள்வி வரும். உண்டு. அடையாள அட்டையிலேயே அச்சடித்திருந்தது. மேலே படம், கீழே பெயர், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 'அந்நியர்'. அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷம் குடும்பம் நடத்துனதுக்கு இதான் மிச்சமா?" என்றாள்.

அத்தானின் முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் பரம சாது. எறும்பு வரிசையைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிறவர். ஆனால் முகம் மட்டும் யாரையோ கைது செய்ய வந்தது போல இருக்கும். புருவம் இரண்டு என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். நடுவில் இடைவெளியே கிடையாது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பட்டை. மூக்குக்குக் கீழே, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஒரு மீசை. சந்தோஷம், பசி, பல்வலி எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான். என் கல்யாணப் படத்தில் மொத்தக் குடும்பமும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, அத்தான் மட்டும் சாட்சி சொல்ல வந்தவர் போல ஓரத்தில் நிற்கிறார்.

இந்த முகத்தால் அவருக்கு ஒரு வேலையும் நிலைத்ததில்லை. செருப்புக் கடையில் இருந்தார். "உன்மேல ஒரு குத்தமும் இல்லய்யா. ஆனா உன்ன நிமிந்து பாத்ததும், சரியா இருக்கற செருப்பக்கூட இறுக்குதுன்னு சொல்லிட்டு ஓடிர்றாங்க" என்று முதலாளி அனுப்பிவிட்டார். பிறகு ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசை. அறை கேட்டு வந்த புருஷன் பெண்டாட்டியெல்லாம், யாரும் கேட்காமலே கல்யாணச் சான்றிதழை எடுத்து நீட்டினார்கள். அங்கேயும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் அத்தான் சாயங்காலம் ஆனால் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகுவார். அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம், "வேணாங்க, இதுக்கு அதுவே தேவல" என்று சொல்லிவிட்டாள்.

நான் அப்போதே பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சித் துறையில் எடை பார்க்கும் நர்ஸ். எங்கள் கட்டடத்தில் மேல்மாடி ஆராய்ச்சிக்கு, தரைத்தளம் சமூகப் பணிக்கு. தரைத்தளத்துக்காரர்கள் வேனை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், குழந்தைகளை எடை பார்த்து, தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்மார்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் மேல்மாடி. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். லிஃப்டில் முதலில் குழந்தை வண்டி ஏறுவதா, எங்கள் மெஷின் ஏறுவதா என்று தொடங்கிய சண்டை. யார் தொடங்கினார்கள் என்பதே மறந்துபோய்விட்டது, சண்டை மட்டும் நன்றாக இருக்கிறது. மேலே நடப்பது கீழே தெரியாது, கீழே நடப்பதைக் கேட்க மேலே இருப்பவர்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்காது.

மேல்மாடிக்குத் தலைவியான மேடத்தின் ஆராய்ச்சி இதுதான். பிறந்து எட்டொன்பது மாதமானால் தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அம்மா அறையை விட்டு வெளியே போவார். தெரியாத ஆள் ஒருவர் உள்ளே வந்து நீல நாற்காலியில் உட்கார்ந்து, "வணக்கம்" என்று மட்டும் சொல்வார். பிள்ளை வீறிடும். உடனே அம்மா வந்து தூக்கிக்கொள்வார். அந்தச் சமாதானத்தைத்தான் மேடம் ஒருபக்கக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பார். பிள்ளை அம்மாவைக் கட்டிக்கொள்கிறதா, கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டுகிறதா, எதற்குமே அசையாமல் இருக்கிறதா என்று பார்த்து, எந்தத் தாய்க்கு என்ன உதவி வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பார். நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் அந்நியராக அனுப்பிய மாணவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. ஒரு மாணவர் "வணக்கம்" என்பதற்குப் பதிலாக நாக்கைத் துருத்திக் காட்டினார். மேடத்துக்குத் தேவைப்பட்டது ஒரே முகம், என்றும் மாறாத முகம்.

நான் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். வராந்தாவில் எழுத்தர் அம்மாவின் பிள்ளை இடுப்பில் இருந்தபடி அவரைப் பார்த்துவிட்டு, கட்டடமே அதிர அலறியது. மேடம் அறையிலிருந்து ஓடி வந்தார். பிள்ளையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

"இது முகமே இல்ல, அளவுகோல்" என்றார். வேறு கேள்வியே கேட்கவில்லை.

அன்றிலிருந்து அத்தான் தரையில் நடக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவர் முகம் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த மரியாதையை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வீட்டில் விடிந்ததும் அக்காவைப் பார்த்து, நீல நாற்காலிக் குரலில் "வணக்கம்" என்று சொல்லிப் பழகுவார். எந்தப் பிள்ளையும் அவரை முன்னாலேயே பார்த்துவிடக் கூடாது என்பது மேடத்தின் விதி. அதனால் தெருவில் குழந்தை வண்டி தெரிந்தால் அத்தான் சந்துக்குள் பாய்வார். ஒருமுறை காய்கறிக் கடையில் முட்டைக்கோசுக் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார். கடைக்காரர் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போட, "சத்தம் போடாதீங்க, பாப்பா பாத்துரும்" என்று இவர் கெஞ்சியிருக்கிறார். பல் வைத்தியரிடம் போன நாள் அதைவிட மோசம். கன்னம் வீங்கிக் கிடக்கிறது, அடுத்த முறை இவருடையது. அந்த நேரம் பார்த்து ஒருத்தி கைக்குழந்தையோடு உள்ளே நுழைய, அத்தான் வீங்கின கன்னத்தோடு ஜன்னல் வழியாக இறங்கி வந்துவிட்டார்.

"பல்ல பிடுங்காமலா வந்தீங்க?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்கு ஆறு மாசம் இருக்கும். இன்னும் மூணு மாசத்துல நம்மகிட்டதான வரும்?" என்றார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

இப்படிப் பல வருஷம் ஓடியது. தலைக்கனம் பிடித்தவர், பிள்ளைகளைக் கண்டாலே ஆகாதவர் என்று தெருவில் பேர் வாங்கியதுதான் மிச்சம். அவருக்கு அதில் வருத்தம் இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை, முகத்திலும் தெரியாது, அது வேறு விஷயம். சொந்தப் பிள்ளை இல்லாத மனிதர். உறவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அவர் மடியில் ஏறாமலே வளர்ந்துவிட்டன.

அப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. ஒரு நாள் அத்தான் உள்ளே போய், நீல நாற்காலியில் உட்கார்ந்து, "வணக்கம்" என்றார். எதிரே இருந்த பிள்ளை அவரைக் கண் கொட்டாமல் பார்த்தது. இரண்டு கையையும் நீட்டியது. கெக்கெக்கென்று சிரித்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அத்தான் திரும்பிப் பார்த்தார், பின்னால் வேறு யாராவது வந்துவிட்டார்களா என்று. யாரும் இல்லை.

மேடம் அதை விதிவிலக்கு என்றார். அடுத்த பிள்ளை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதற்கடுத்தது மடியிலேயே ஏறிவிட்டது. ஏறி, அவர் உச்சந்தலையை இரண்டு கையாலும் தட்டித் தட்டி எதையோ தேடியது. அம்மாவை உள்ளே அனுப்பினோம். பிள்ளை அம்மாவுக்கு டாட்டா காட்டியது.

மேடம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உண்மையச் சொல்லுங்க. வெளியில இந்தக் குழந்தைங்கள பாக்கறீங்க. பிஸ்கட் குடுத்துப் பழக்கி வச்சிருக்கீங்க."

"சத்தியமா இல்ல மேடம்."

"அப்ப ஏன் உங்கள பாத்தா சிரிக்குதுங்க?"

"அதான் மேடம் எனக்கும் தெரியல" என்றார் அத்தான்.

பல் வலியோடு ஜன்னல் தாண்டிய மனிதரைப் பார்த்துப் பேசும் பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலோ அக்கா வேறு தினுசில் பிடித்துக்கொண்டாள். "ஊரான் பிள்ளைக்குப் பிஸ்கட்டா? எனக்கு ஒரு நாள் ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்திருப்பீங்களா?" இதற்கு நடுவில் இன்னொன்று. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அறக்கட்டளைக்காரர்கள் நேரில் வந்து பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. அவர்கள் முன்னால் பிள்ளை அழாவிட்டால் அத்தான் வேலையில் இருக்க மாட்டார் என்று மேடம் நேராகவே சொல்லிவிட்டார். செருப்புக் கடைக்கும் விடுதிக்கும் ஆகாத முகம், இனி இந்த இடத்துக்கும் ஆகாது என்றால் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த வாரம் தரைத்தளத்து நர்ஸ் விடுப்பில் போனதால், வேனில் என்னைப் போகச் சொன்னார்கள். மூக்கால் அழுதுகொண்டே போனேன். முதல் வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை மல்லாந்து படுத்து, மேலே எதையோ பார்த்துக் காலை உதைத்துக்கொண்டு குஷியாக இருந்தது. என்ன என்று நானும் நிமிர்ந்தேன். நூலில் ஓர் அட்டை தொங்கியது. வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் ஒரு முகம். ஒரே பட்டையாகப் புருவம், உருண்டைக் கண் இரண்டு, கீழே தாழ்ப்பாள் மீசை. அத்தான்!

அடுத்த வீட்டிலும் அத்தான் தொங்கினார். அதற்கடுத்த வீட்டிலும். இரட்டைப் பிள்ளைகள் இருந்த வீட்டில் இரண்டு அத்தான்.

வேனை விட்டு இறங்கியதும் நேராகத் தரைத்தளப் பொறுப்பாளரிடம் போய் நின்றேன். வேனில் மிச்சமிருந்த ஓர் அட்டையை மேசைமேல் போட்டு, "இது யாரு?" என்றேன்.

"பச்சக் குழந்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாதில்லையா? கறுப்பு வெள்ளையா, கோடு தடிமனா இருந்தாதான் பாக்கும். மனுஷ முகம்னா இன்னும் நல்லாப் பாக்கும். அதான் தொட்டில் அட்ட" என்று அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"அது சரி. ஆளு யாரு?"

"அதெல்லாம் தெரியாது. ஊழியர் படமெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. இருக்கறதுலயே தெளிவான மூஞ்சியாப் பாத்து வரையச் சொன்னேன்."

"எத்தன வீட்டுக்குக் குடுத்தீங்க?"

"போன வருஷத்துலேருந்து பிறந்த பிள்ள எல்லாத்துக்கும்" என்றார் பெருமையாக. "சும்மா சொல்லக் கூடாது, நல்ல வரவேற்பு. இந்த மூஞ்சியப் பாக்காம பிள்ள தூங்கறதில்லன்னு சொல்றாங்க."

மேல்மாடியில் ஊருக்கே தெரியாத ஆளாக ஒரு மனிதரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். கீழ்த்தளம் அவரைத் தொட்டில் தொட்டிலாகத் தொங்கவிட்டிருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் சும்மாவா! எனக்குச் சிரிப்பில் வயிறு வலித்தது. உச்சந்தலையைத் தட்டிய அந்தப் பிள்ளை நூலைத்தான் தேடியிருக்கிறது.

அட்டையை அத்தானிடம் கொடுத்தேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டே வெகுநேரம் பார்த்தார். "என்னயா பாத்துட்டுத் தூங்குதுங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பயப்படலயா?" இல்லை என்றேன். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முகம் கழுவப் போனார். கழுவிவிட்டு வந்து மறுபடியும் ஒருமுறை கழுவப் போனார்.

மேடமும் நியாயமானவர்தான். விஷயம் தெரிந்ததும் அத்தானிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு ஒரு வழியும் சொன்னார். படத்தில் இருப்பது புருவமும் மீசையும்தானே? மீசையை எடுத்துவிட்டு, புருவத்தை நடுவில் பிரித்து மெலிதாக்கிக்கொண்டால் அத்தான் மறுபடியும் அந்நியர். வேலையும் நிலைக்கும்.

அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். "மீசய எடுத்துட்டு இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது, சொல்லிட்டேன்."

"வேலைக்குத்தாம்மா கேக்கறாங்க."

"அந்த மீசயப் பாத்துதான் கட்டிக்கிட்டேன். மீதி மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது!"

ஆனாலும் அறக்கட்டளைக்காரர்கள் வரும் நாள் காலையில் அத்தான் முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டு வந்தார். மீதி முகத்தை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம். உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். பல்கலைக்கழக வாசலில் காவலாளி அடையாள அட்டையில் இருக்கும் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "யாருய்யா நீ? இது உன் அட்ட இல்லயே" என்று மறித்தார். நான் போய்த்தான் மீட்டுக்கொண்டு வந்தேன். "பாத்தியாம்மா, அவருக்கே அடையாளம் தெரியல" என்றார் அத்தான். அதில் சந்தோஷம் இருந்ததா துக்கம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. மீசை இல்லாத முகம் எனக்குப் படிக்கப் பழக்கமில்லை.

அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்தோம். உள்ளே விரிப்பில் பத்து மாதப் பெண் குழந்தை, குண்டுக் கன்னம். தொட்டில் அட்டையைப் பார்க்காமல் இவள் தூங்கவே மாட்டாள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். அம்மா வெளியே போனார். அத்தான் உள்ளே வந்தார், நீல நாற்காலியில் உட்கார்ந்தார். "வணக்கம்" என்றார்.

பிள்ளை நிமிர்ந்தது. அந்தக் குரல் அதற்குப் பழக்கமில்லை. கண்ணைப் பார்த்தது. ஏதோ தெரிந்தது போல இருந்தது. மூக்குக்குக் கீழே பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் கண்ணைப் பார்த்தது, மறுபடியும் மூக்குக்குக் கீழே பார்த்தது. கூரையை அண்ணாந்து பார்த்தது. அப்புறம் கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம்தான். அத்தான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் வேலை நிலைக்கும். உதடு நடுங்கியது, கண்ணில் நீர் கட்டியது. நானும் மனசுக்குள், அழுதுவிடு தாயே, அழுதுவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அத்தான் கையைத் தூக்கினார். இரண்டு விரலைச் சேர்த்து மூக்குக்குக் கீழே குறுக்காக வைத்துக்கொண்டார்.

பிள்ளை அப்படியே பார்த்தது. உதடு உள்ளே போயிற்று. அத்தான் விரலை எடுத்தார், உதடு பிதுங்கியது. வைத்தார், பிள்ளை கையைத் தட்டிக்கொண்டு துள்ளியது. எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். பிள்ளை விக்கல் வரும் அளவுக்குச் சிரித்தது. அறக்கட்டளைக்காரர்களில் கனமான ஒருவர் தம்மை மறந்து தம் மூக்குக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளை தவழ்ந்து போய் அத்தானின் காலைப் பிடித்தது. அத்தான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் நிஜமாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாக இல்லை. ஆனால் பிள்ளைக்குப் பிடித்திருந்தது.

வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, மேடம் அவரை எடை பார்க்கும் அறைக்குக் கூப்பிட்டார். நான் அங்கேதான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எல்லாம் சரியாத்தான போய்ட்டிருந்துச்சு? அழவே ஆரம்பிச்சிருச்சு. நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும். அதுகூட முடியலயா?"

"முடியல மேடம்."

"இத்தன வருஷம் முடிஞ்சுச்சே?"

அத்தான் தரையைப் பார்த்தார். "இத்தன வருஷம் அதுங்க என்னப் பாத்துதான் மேடம் அழுதுச்சுங்க. இது என்னக் காணோம்னு அழுதுச்சு. நான் எதிர்லயே உக்காந்திருக்கேன், அது என்னத் தேடுது. எப்படி மேடம் சும்மா இருக்கறது?"

மேடம் கையை நீட்டினார். அத்தான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி, அவர் கையில் வைத்தார். மேடம் அதைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை வருஷம் அந்த மனிதரைக் கிண்டல் செய்திருக்கிறேன், அவர் முன்னால் அழுவதாவது என்று எடை மெஷினையே விடாமல் தேய்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். கிட்டே வந்து நின்றார். நான் நிமிர்ந்ததும் இரண்டு விரலை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு சிரித்தார். இந்தத் தடவை கொஞ்சம் பரவாயில்லை.